எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்



மார்கழி பிறந்ததும் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி கீழே இறங்கும். வண்ணக் கண்ணாடி உருண்டைகள், ஜிகினாச் சரங்கள், பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகிதச் சங்கிலிகள், பாசிமணி மாலைகள் ஆகியவை அதனுள் இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தை அணி செய்வதற்கென்று சேர்த்துவைத்த செல்வம் அது. அம்மரத்தைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

இவ்வழக்கம் ஜெர்மானிய மக்களிடையே தோன்றியது. 1605-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து வீடுகளில் மரம் நிறுத்தி, வண்ணத்தாள் ரோஜாக்களையும் ஆப்பிள் பழங்களையும் இனிப்புகளையும் தொங்கவிட்டனர் என்று ஒரு பழங்குறிப்பு கூறுகிறது. பின்னாளில் லவுஷா என்னும் மலையூரின் கண்ணாடித் தொழிலாளர் பழங்களுக்கு ஈடாகக் கண்ணாடி உருண்டைகளை ஊதிச் செய்தனர். விக்டோரியா அரசியார் குடும்பத்துடன் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தபின் ஆங்கிலேயரிடையே வழக்கம் விரைந்து பரவிற்று. மெழுகுவர்த்தி எரிந்த கிளைகளில் 1882-இல் நியூயார்க் நகரில் எட்வர்ட் ஜான்சன் என்பார் 80 மின்விளக்குகளை ஏற்றினார். அவர் எடிசனின் கூட்டாளி.

ஆசிரியனாயிருந்த எனக்கு மிகவும் உவப்பான செய்தி ஒன்றுண்டு. பல முனைகளுடன் ஒளிரும் மொரேவிய விண்மீன் விளக்கு, 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊர்ப் பள்ளியில் வடிவகணிதப் பயிற்சியாகப் பிறந்ததாம். கணக்குப் பாடம் கைவேலையாகிக் கைவேலை திருவிழாவாயிற்று!

மேனாட்டார் ஊசியிலை மரத்தை நடுவர். மண்டைக்காட்டு மணலில் அதற்கு எங்கே போவது? கடலோரத்துச் சவுக்கு மரமே எங்களுக்குக் கைகொடுத்தது. எங்கள் பக்கத்தில் அதைக் காற்றாடி மரம் என்பதுமுண்டு. பார்வைக்கு அது ஊசியிலை மரம் போலவே இருக்கும். ஆயினும் நாம் இலையென்று கருதுவது இலையன்று. கணுக்கணுவாய் அமைந்த மெல்லிய பசுங்கிளையே அது. உண்மை இலைகள் அக்கணுக்களைச் சுற்றிச் சிறு பற்களாய் ஒட்டியிருக்கும். என் மாணாக்கர் அதைக் கணு கணுவாகக் கழற்றிப் பார்த்து வியப்பர்.

மரத்தை அணி செய்வதற்கும் ஒரு முறையுண்டு. ஈரமணல் நிரப்பிய வாளியில் கிளையை ஆடாமல் நிறுத்த வேண்டும். முதலில் விளக்குச் சரம். அடுத்துக் காகிதச் சங்கிலி. கனமான உருண்டைகள் தண்டை ஒட்டி. இலேசானவை கிளை நுனியில். உச்சியில் விண்மீனை வைக்கும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கே உரியது. பனியே காணாத ஊரில் பஞ்சைப் பிய்த்துப் பனியெனத் தூவுவோம். அது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி.

இந்த அணிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்களாயின், பெரும்பாலானவை மண்டைக்காட்டுப் பகவதியம்மன் கோயில் மாசிக் கொடையின்போது போடப்படும் கடைகளிலிருந்து வந்தவை. பத்து நாள் விழாவில் வளையலும் பாசிமணியும் ஜிகினாவும் குவிந்து கிடக்கும். என் அம்மை மாசியில் வாங்கி மார்கழிக்கென எடுத்துவைப்பார். அதில் யாரும் வேற்றுமை கண்டதில்லை.

1982-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் எங்கள் ஊரில் மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் மடிந்தன. குன்றக்குடி அடிகளார் போன்ற பெரியோர் இருதரப்பாரையும் கண்டு அமைதிக்காக உழைத்தனர். எனினும் நெஞ்சின் அச்சம் எளிதில் நீங்கவில்லை. டிசம்பரில் எங்கள் வீட்டில் மரம் நிறுத்தவில்லை. வாசலில் விண்மீனும் கட்டவில்லை. “இந்த வருசம் வேண்டாம்” என்றார் அம்மை. நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த இளைஞன். மறுத்துப் பேசும் துணிவு எனக்கும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அந்தி வேளையில், அடுத்த வீட்டு மூதாட்டியார் ஓர் ஓலைப்பெட்டியுடன் வந்தார். அம்மை அவரை அக்கச்சி என்றே அழைப்பார். பெட்டியில் முந்தைய கொடைகளில் அவர் வாங்கிய பாசிமணி மாலைகளும் சரிகைத் தாளும் இருந்தன. என்னைப் பார்த்து, “மக்களே, வீட்டிலே சின்னப் பிள்ளைகள் இருக்கு. அதுகள் என்ன பிழை செய்தது? போய்க் கிளை வெட்டிக்கொண்டு வா” என்றார். அம்மை வாய்விட்டு அழுதார். அன்றிரவே மரம் நின்றது. வாசலில் விண்மீன் கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த அக்கச்சியின் மகனே.

நேயர்களே, அவ்விரு தாய்மாரும் இன்று இல்லை. அந்தப் பாசிமணி மாலை இருக்கிறது. நூல் இற்று இருமுறை மாற்றிக் கோத்தோம். எத்தனை விலையுயர்ந்த அணிகள் வந்தாலும் மரத்தில் முதலில் ஏறுவது அதுவே. அது யார் தந்தது, எந்த ஆண்டில் தந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன பிறகே விளக்கை ஏற்றுகிறோம்.

கொடை என்னும் சொல்லுக்கு ஈகை என்பதே பொருள். உங்கள் வீட்டில் எந்தத் திருநாள் வந்தாலும், அதற்கு முன்னே அண்டை வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுங்கள்.