தங்கம் தங்கம்தானா?



பத்தாம் வகுப்பில், "தங்கம் எளிதில் வினைபுரியாது" என்று நடத்திக்கொண்டிருந்தேன். "ரொம்பச் சின்னத் துகளாக்கினாலுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "எவ்வளவு சிறிதானாலும் தங்கம் தங்கம்தான்" என்று உட்காரவைத்தேன். பிறகு படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது.

ஆக்சைடுகளின் மேல் படிந்த தங்க நானோ துகள்கள், 0 டிகிரி செல்சியஸுக்கும் கீழே கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றத்திற்கு வினையூக்கியாவதை 1987இல் ஜப்பானின் மசடாகே ஹருடா குழுவினர் வெளியிட்டனர்.

டைட்டானியம் டை ஆக்சைடு பரப்பில் விழும் தங்க அணுக்கள் முதலில் நகர்ந்து திரியும். ஆக்சிஜன் அணு விடுபட்ட இடங்களிலும் படி போன்ற விளிம்புகளிலும் அவை தங்கும். பரப்போடு உள்ள பிணைப்பைவிடத் தங்களுக்குள் உள்ள பிணைப்பு வலிமையானது. எனவே சேப்பங்கிழங்கு இலையில் நீர்த்துளிபோல, பரவாமல் திரளும். சூடாக்கினால் சிறு திரள்களின் அணுக்கள் பிரிந்து பெரியவற்றில் சேரும். திரள் மிகப் பெருத்தால் வினையூக்கத் திறன் குறையும்.

மறுநாள் சேப்பங்கிழங்கு இலையுடன் வகுப்புக்குப் போனேன். "நேற்று நீ கேட்டது சரியான கேள்வி, என் பதில்தான் தவறு" என்றேன். அன்று, இதுவரை வாய் திறக்காத இருவர் கை தூக்கினார்கள்.