கல்லாப்பெட்டி யாருடையது?

தியாகராய நகரில் பாத்திரக் கடை நடத்தும் நண்பரொருவர், மனைவியையும் சேர்த்துக்கொண்டு கடையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தார். மறுநாள் வழக்கம்போலக் கல்லாவிலிருந்து மகளின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்தார்.

"என் பணந்தானே?" என்றார்.

"நேற்று வரையில்!" என்றேன்.

நேயர்களே, சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி தனி ஆள். இயக்குநர் அதனிடம் சம்பளம் பெறலாம். லாபப் பங்கு பெறலாம். மற்றபடி எடுப்பது கடன். அத்தகைய கடனை 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. வருமான வரித் துறையோ அதை லாபப் பங்கெனக் கொண்டு வரி கேட்கக்கூடும்.

கணக்கை மறைத்தால் நேர்வதை இந்நகரம் 1906இல் கண்டது. ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து, எண்ணற்றோர் சேமிப்பு அழிந்தது. தலைவர் சிறை சென்றார். அதன் பின்னரே மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் 1907இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர்.

பதிவான 30 நாட்களுக்குள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். பற்று வரவு இரண்டும் காட்டும் பேரேட்டை 8 ஆண்டுகள் காக்க வேண்டும். காலணா லாபமில்லாத ஆண்டிலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தே தீர வேண்டும். இதைத்தான் பலர் மறக்கின்றனர்.

நண்பர் அன்று மாலையே பணத்தைத் திருப்பி வைத்தார். தமக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்பதுதான் இரு இயக்குநர்களிடையே இன்னும் முடிவாகவில்லை.