ஆஹன் நகரில் படிக்கப் போனால்



வெளிநாட்டுப் படிப்பு என்றாலே அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வேறு சிலரோ, விமானம் ஏறிவிட்டால் போதும், வாழ்வு தானே மலர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டும் சரியல்ல. அயல்நாட்டில் ஒரு மாணவர் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்ன செய்கிறார், எதற்குச் செலவழிக்கிறார், எங்கே இடறுகிறார் என்பதை அறிந்தால்தான் நாம் தக்க முடிவெடுக்க இயலும். எங்கள் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் ஜெர்மனியில் ஆஹன் நகரில் இயந்திரப் பொறியியல் படிக்கிறார். அவர் எழுதியனுப்பிய செய்திகளைத் துணைக்கொண்டு இன்று உங்களோடு உரையாடுகிறோம்.

ஆஹன், ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நகரப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் நெதர்லாந்து வந்துவிடும், பெல்ஜியமும் அருகில்தான். 814-ஆம் ஆண்டில் மறைந்த சார்லமேன் பேரரசர் அடக்கம் செய்யப்பட்ட தேவாலயம் நகரின் நடுவே நிற்கிறது. 1870-இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்நகரின் இன்னொரு பெருமை. பொறியியல் படிக்கப் பல நாட்டு மாணவர்கள் இங்கே வருகிறார்கள்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஆஹன் இருக்கும் மாநிலத்தில் படிப்புக் கட்டணம் 2011-இல் நீக்கப்பட்டது. அதனால் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான படிப்புகளுக்கு, ஆறு மாதத்திற்கு ஒருமுறை செலுத்தும் பருவத் தொகை மட்டுமே உண்டு. அது சுமார் 300 ஐரோ. பேருந்திலும் வட்டார ரயிலிலும் போவதற்கான சீட்டும் அதில் அடக்கம். ஆனால் ஜெர்மனி முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவரிடம் பருவத்திற்கு 1,500 ஐரோ வாங்குகிறது.

கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருளாகாது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதை விசா கேட்கும்போதே காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 ஐரோவாக உயர்ந்தது. நம் கணக்கில் இது ஐம்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் இரண்டு ஆண்டுச் சம்பளம் போதாது! இப்பணத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அது மாணவரின் பெயரிலேயே கணக்கில் இருக்கும். மாதத்திற்கு 992 ஐரோ வீதம் அவர் எடுத்துச் செலவு செய்வார். அறை வாடகை, உணவு ஆகியவற்றோடு, மாதம் நூறு ஐரோவுக்கு மேல் வரும் கட்டாய மருத்துவக் காப்புறுதியும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். மாணவர் விடுதியில் இடம் கிடைக்கப் பல மாதங்கள் காத்திருக்க நேரும். இடம் கிடைத்ததும் நகராண்மை அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும். வாசலில் உள்ள தபால் பெட்டியில் தம் பெயரை ஒட்டுவதும் முக்கியம். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார். வங்கி, காப்புறுதி, குடிநுழைவு அலுவலகம் யாவும் அங்கே இன்னும் கடிதம் எழுதுகின்றன. கடிதம் தவறினால் தவணையும் தவறிப்போகும்.

டிசம்பர் மாதத்தில் காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. மாலை நாலரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு இருட்டு புதிதல்ல. ஆனால் வேலை முடிந்து வெளியே வந்தாலும் இருட்டாகவே இருப்பதுதான் மனத்தை அழுத்துகிறது என்று நம் மாணவர் எழுதினார். அதோடு தூறல் மழையும் குளிரும் சேர்ந்துகொள்ளும்.

காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் பசியாறல். பகலில் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவருக்கென்று மலிவு விலையில் சாப்பாடு கிடைக்கும். இரவில் விடுதியின் பொதுச் சமையலறையில் தாமே சோறு வடித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசியும் பருப்பும் வாங்காதவர் மறுநாள் திண்டாட வேண்டியதுதான். வெறும் பிளாஸ்டிக் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 காசு கிடைக்கும். காகிதத்திற்கு ஒரு தொட்டி, உணவுக் கழிவுக்கு ஒன்று, பொட்டலக் கழிவுக்கு ஒன்று என்று குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

மொழி பெரிய படி. பட்டப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடைபெறுகிறது. மேற்பட்டப் படிப்புகளில் ஆங்கிலம் மிகுதி. நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்று வேறுபடுத்துவது போலவே ஜெர்மனிலும் 'டூ', 'ஸீ' என்று இரண்டு உண்டு. பேராசிரியரையும் அலுவலரையும் 'ஸீ' என்றே அழைக்க வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கிவிடும்.

அடுத்துச் சொல்லப்போவதைப் பெற்றோர் ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம். அங்கே வகுப்புக்கு வந்தாயா, பாடம் எழுதினாயா என்று கேட்க ஆசிரியர் இல்லை. தேர்வுக்கு மாணவர் தாமே பெயர் பதிய வேண்டும். மதிப்பெண்ணில் 1.0 என்பதே மிகச் சிறந்தது; 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. ஆகவே மகன் 'ஒன்று' வாங்கினேன் என்று சொன்னால் கோபிக்க வேண்டாம்! கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பைத் தொடர முடியாது. முதல் ஆண்டுக் கணிதத்தில் பலர் தோற்கிறார்கள். அது வெட்கமல்ல. ஆனால் அதை வீட்டில் சொல்லாமல் மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

நம் மாணவரும் முதல் பருவத்தில் கணிதத்தில் தோற்றார். அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று இரண்டு மாதம் மறைத்தார். பகுதிநேர வேலையைக் கூட்டிக்கொண்டு வகுப்பைக் குறைத்தார். பிறகு ஒரு நாள் தம் தந்தையிடம் உண்மையைச் சொன்னார். செம்பனைக் குலை வெட்டும் அந்தத் தந்தை, "தம்பி, நகை போனா போகட்டும், நீ வேலையக் குறைச்சிட்டுப் படி" என்றார். மாணவர் கூட்டுப் படிப்புக் குழுவில் சேர்ந்தார். இரண்டாம் முறை தேறினார். அந்தத் தந்தையின் ஒரு சொல் செய்த வேலையை எந்த உபகாரச் சம்பளமும் செய்திருக்காது.

மாணவர் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. 2024 முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை செய்யலாம். ஆயினும் முதல் ஆண்டில் அதை நம்பிப் புறப்படக் கூடாது. மொழி தெரியாதவருக்கு வேலை எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் படிப்பின் நேரத்தைத் தின்றுவிடும்.

தனிமைக்கும் மருந்து உண்டு. அதே மாநிலத்தின் ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. 2002-இல் குடமுழுக்குக் கண்ட அங்கே தேர்த்திருவிழா சிறப்பாக நடைபெறுகிறது. ஆஹனின் பெயர்பெற்ற 'பிரிண்டன்' ரொட்டியில் பட்டையும் சோம்பும் கிராம்பும் மணக்கும். அதை முதன்முதல் கடித்தபோது வீட்டு அடுப்படி நினைவு வந்ததாம் நம் மாணவருக்கு.

பெற்றோர்களே, நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஐந்தாம் படிவத்தோடு நேரே அங்கு சேர முடியாது; ஆறாம் படிவமோ அதற்கு இணையான படிப்போ முடித்து, தகுதியைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டறிய வேண்டும். சிலருக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு தேவைப்படும். கோலாலம்பூரில் உள்ள கோத்தே கழகத்தில் ஜெர்மன் கற்கலாம். 1925-இல் தோன்றிய டாட் எனும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனம் தகவல்களை இலவசமாகவே தருகிறது. ஆகவே இடம் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்நிறுவனத்தின் உபகாரச் சம்பளங்கள் பெரும்பாலும் மேற்பட்டப் படிப்புக்கே என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கேயே பட்டம் பெற்று, பிறகு மேற்படிப்புக்குப் போவது பல குடும்பங்களுக்கு ஏற்ற வழியாகும்.

பிள்ளை போன பின், இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் பகல் ஒரு மணி, கோடையில் இரண்டு மணி. அந்நேரத்தில் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டபின், எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது என்றும் கேளுங்கள். தோற்றாலும் எங்களிடம் சொல்லலாம் என்ற துணிவைப் பெட்டி கட்டும்போதே கொடுத்தனுப்புங்கள். கம்பளிச் சட்டையை அங்கே வாங்கிக்கொள்ளலாம். அந்தத் துணிவு வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.