பட்டாவும் உதவித் தொகையும்



பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளாக நேரே பாங்கிக் கணக்கில் சேர்கிறது. இது தாங்கள் அறிந்ததே. ஆனால் பணம் உழுபவனைத் தேடி வருவதில்லை. பட்டாவிலுள்ள பெயரைத் தேடி வருகிறது. நம் கிராமங்களில் எத்தனையோ பட்டாக்கள் காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே கிடக்கின்றன. பேரன் உழுகிறான், தீர்வை செலுத்துகிறான். தொகை மட்டும் கிட்டுவதில்லை. சகோதரர்களின் மனத்தாங்கலால் பாகப்பிரிவினையைத் தள்ளிப்போடுவோர் இதைக் கருதுதல் நலம்.

1-2-2019-க்குப் பின் நிலம் வாங்கியோருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. வாரிசு முறையில் அடைந்தோருக்கு விலக்குண்டு. ஆகவே தந்தையை இழந்த குடும்பத்தார் மனந்தளராது, வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டா மாறுதலுக்கு மனுச்செய்ய வேண்டும்.

குத்தகைதாரருக்கு வழியில்லாதிருப்பது பெருங்குறையென்றே நான் கருதுகிறேன். எனினும் அதற்காகப் பொய் விவரம் தருவது தகாது. 2020-இல் நம் மாநிலத்தில் தகுதியற்ற பல இலட்சம் பெயர்கள் பட்டியலில் நுழைந்தமை வெளிப்பட்டது. இடைத்தரகரை நம்பியோரிடமிருந்தும் பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் பயனாளிகள் பட்டியலை உரக்கப் படியுங்கள். விடுபட்டவர் யார், மறைந்தவர் யார் என்பதை ஊராரே சொல்லிவிடுவர். அந்தக் குறிப்புடன் வேளாண்மை அலுவலரைக் காணுங்கள். பட்டா சம்பந்தமானவற்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரை அணுகுங்கள்.