ஒரு துண்டுக் கடதாசி

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



போன மாதம் சங்கச் செயலாளர் கடைக்கு வந்து, "அண்ணை, எங்கட இளம் ஆக்கள் கொஞ்சப்பேர் கம்பனி தொடங்கிற யோசனையில இருக்கினம். நீங்கள் பட்டறிஞ்ச ஆள், ஒரு கால் மணித்தியாலம் சொல்லுங்கோ" என்றார். நான் மேடைப் பேச்சாளன் அல்ல. அரிசிச் சாக்கைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன், ஒலிவாங்கியைப் பிடித்தால் கை நடுங்கும். ஆனாலும் "பட்டறிஞ்ச" என்ற சொல்லைக் கேட்டதும் மறுக்க முடியவில்லை. பட்டதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தொழில் தொடங்குவது நோர்வேத் தமிழருக்குப் புதிய விடயம் அல்ல. 1956ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டுக்கு வந்த அன்ரனி இராஜேந்திரம் அவர்கள், நோர்வே நண்பர்களோடு சேர்ந்து சீநோர் நிறுவனத்தை உருவாக்கி எங்கள் காரைநகர்க் கரையில் தொழில் கொடுத்ததை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். நான் அவ்வளவு பெரிய காரியம் ஒன்றும் செய்யவில்லை. 1988இல் வந்தேன். பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து கோப்பை கழுவினேன், பாடசாலைகளைக் கூட்டித் துடைத்தேன். 2013இல் ஒரு பலசரக்குக் கடைக்காகக் கம்பனி பதிந்தோம். அந்தக் கதைதான் இது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தனி ஆளாக, தன் பெயரில் தொழில் நடத்தலாம். அது சுலபம். ஆனால் தொழில் கடன்பட்டால் வீடும் சேர்ந்து கடன்படும். பங்குக் கம்பனி அப்படியல்ல. அது சட்டத்தின் கண்ணில் வேறொரு ஆள். நீங்கள் போட்ட மூலதனத்தோடு உங்கள் பொறுப்பு நிற்கும்.

பங்குக் கம்பனியிலும் இங்கே இரண்டு வகை. ஒன்று 'ஆ-எஸ்-ஆ'. அதற்குக் குறைந்தது 10 இலட்சம் குரோணர் மூலதனம் வேண்டும். பொதுமக்களிடம் பங்கு விற்கலாம். மற்றது எங்களைப் போன்றவர்களின் 'ஆ-எஸ்'. இதற்கு முன்னர் ஒரு இலட்சம் குரோணர் கேட்டார்கள். 2012ஆம் ஆண்டிலிருந்து 30,000 போதும் என்று ஆக்கினார்கள். அதனால்தான் எங்களைப் போன்ற ஆட்களும் துணிந்தோம்.

இந்த 'ஆ-எஸ்' ஒரு அடைத்த கம்பனி. அடைத்தது என்றால் என்ன? ஒருவர் தன் பங்கைச் சந்தையில் கத்தரிக்காய் விற்பதுபோல் யாருக்கும் விற்க முடியாது. கம்பனியின் விதிகளில் வேறுவிதமாக எழுதாவிட்டால், பங்கு கைமாறுவதற்கு நிர்வாக சபையின் சம்மதம் வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அவர்கள் மறுக்கலாம். அதோடு மற்றப் பங்காளிகளுக்கு அந்தப் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. வீட்டுக்குள் தெரியாத ஆள் நுழையாமல் படலை போட்டதுபோல. இந்தப் படலையை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

வெளிநாட்டவர் தொடங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். பங்கு வைத்திருக்க நோர்வேக் குடியுரிமை தேவையில்லை. நிர்வாக சபைக்குத்தான் வதிவிட விதி இருக்கிறது. நாங்கள் பதிந்த காலத்தில், நாளாந்த முகாமையாளரும் நிர்வாக சபையில் குறைந்தது பாதிப்பேரும் நோர்வேயில் வசிக்க வேண்டும், அல்லது ஐரோப்பியப் பொருளாதார வலயத்தின் குடிமக்களாக அந்த வலயத்துக்குள் வசிக்க வேண்டும் என்று இருந்தது. குடியுரிமை எடுக்காத அகதி என்றாலும் இங்கே வசித்தால் அவரும் நிர்வாக சபையில் இருக்கலாம். நோர்வே ஆள் இலக்கம் இல்லாத ஒருவர் நிர்வாக சபைக்கு வருவதென்றால் அவருக்கு 'டி' இலக்கம் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டின் உறுதிப்படுத்திய பிரதி அனுப்ப வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான், என்னோடு பின்மார்க்கில் மீன் வெட்டிய என் சினேகிதன், ரொறொன்ரோவில் இருந்த என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான். 30,000 குரோணர் மூலதனம், நூறு குரோணர்ப் பங்கு முந்நூறு, ஆளுக்கு நூறு பங்கு என்று பேச்சு. ஆனால் 30,000த்தை வைத்துக் கடை திறக்க முடியாது. குளிர்ப்பெட்டி, தட்டுகள், முதல் சரக்கு எல்லாம் வேண்டும். நாங்கள் இருவரும் இருந்ததைப் போட்டோம். அத்தான் தன் பங்குக் காசோடு இன்னும் மூன்று இலட்சம் குரோணர் அனுப்பினார். இருபத்தைந்து வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசு. "தம்பி, நீ இருக்கிறாய், எனக்கென்ன யோசனை" என்று மட்டும்தான் சொன்னார்.

நோர்வே மின்னொப்பம் உள்ளவர்கள் மட்டும் என்றால் அல்டின் வழியாகச் சுருக்காக முடியும். அத்தானுக்கோ அது இல்லை, தாள்வழியாகத்தான் போக வேண்டும். நாங்கள் அனுப்பிய கடவுச்சீட்டுப் பிரதி சரியாக உறுதிப்படுத்தப்படாததால் திரும்பி வந்தது. பிழை எங்களுடையதுதான். இதற்கிடையில் கடைச் சொந்தக்காரர், "இந்த மாத முடிவுக்குள் ஒப்பந்தம் எழுதாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்றார். கம்பனி பதியப்படும்வரை அதற்குச் சட்டத்தில் உயிர் இல்லை. அதன் பெயரில் கையெழுத்து வைக்கிறவரே அதுவரை பொறுப்பு. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அப்போது ஒரு காரியம் செய்தேன். அத்தானின் நூறு பங்கையும் என் பெயரில் எழுதினேன். எனக்கு இருநூறு, சினேகிதனுக்கு நூறு. அத்தான் அனுப்பிய மூன்று இலட்சமும் நான் கம்பனிக்குக் கொடுத்த கடன் என்று கணக்கில் ஏறியது. எங்கள் கணக்காளர் ஒரு நோர்வேப் பெண்மணி. "கனடாவில் இருந்து காசு அனுப்பியவரின் பெயர் எங்கே?" என்று கேட்டார். "அவர் எங்கள் குடும்பம்" என்றேன். "அது எனக்கு விளங்குகிறது, ஆனால் கடதாசிக்கு விளங்காது" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவரும், "பிறகு ஆறுதலாய் மாத்துவம்" என்றார்.

அந்தப் 'பிறகு' ஐந்து வருடமாக வரவில்லை. 2018இல் அத்தான் மாரடைப்பால் இறந்துபோனார்.

அந்தியேட்டி முடிந்து சில நாட்களின் பின் அக்கா தொலைபேசி எடுத்தா. சுற்றி வளைக்காமல் கேட்டா: "தம்பி, அவர் போட்ட காசுக்கு உன்னட்ட ஒரு துண்டு இருக்கோ?"

சபையோரே, என்னிடம் ஒரு துண்டும் இல்லை. "அக்கா, என்னை நம்பமாட்டீங்களோ?" என்று கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்து வெட்கப்படுகிறேன். புருசனைப் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளோடு நிற்கிற மனுசி, தன் காசு எங்கே என்று கேட்டால், அதற்குப் பதில் ஒரு கடதாசி. நானோ பதிலுக்கு அவவின் நம்பிக்கையைக் கேட்டேன். அக்கா வைத்துவிட்டா. எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

சரி, பங்கை அக்காவின் பெயருக்கு மாற்றிவிடுவோம் என்று கணக்காளரிடம் போனேன். அப்போதுதான் முன்னர் சொன்ன படலை என் முன்னால் சாத்தியிருந்தது. கடதாசியில் அந்த நூறும் என் பங்கு. அது அக்காவுக்குப் போவதென்றால், வெளி ஆள் ஒருவருக்குக் கைமாறுவதாகத்தான் சட்டம் பார்க்கும். நிர்வாக சபையின் சம்மதம் வேண்டும். என் சினேகிதனுக்கு முதல் உரிமை உண்டு. அவன் அந்த உரிமையைக் கேட்டுப் பெறுமதியைக் கொடுத்தால் அத்தானின் பங்கு அவன் கைக்குப் போய்விடும்.

கடைக்குப் பின்னால், சாக்குகளுக்கு நடுவில் இருவரும் இருந்து கதைத்தோம். அவன் சொன்னான்: "கொத்தான் காசு போட்டது எனக்குத் தெரியும் மச்சான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஐஞ்சு வருசமா விடியக் காலமை நாலு மணிக்கு மரக்கறி இறக்கினது நான். உன்ர பேரில இருநூறு, என்ர பேரில நூறு. ஒருநாளாவது நான் கேட்டனானோ? இண்டைக்கு எனக்குச் சட்டம் ஒரு உரிமை தந்திருக்கு. அதையும் நீ வேண்டாம் எண்டிறாய்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. மூன்றில் இரண்டு பங்கு என் கையில் இருந்தபடியால் கம்பனியின் விதியைக்கூட நான் தனியாக மாற்றலாம். ஐந்து வருடமாக அவன் அந்த நிழலில் இருந்திருக்கிறான். எனக்கு அது தெரியவேயில்லை. அக்காவுக்குச் செய்த பிழை ஒன்று என்று நினைத்தேன். இரண்டு பேருக்குச் செய்திருக்கிறேன்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலமை கடை திறக்கமுதல் வந்தான். "கொத்தான்ர காசில்லாமல் அந்தக் குளிர்ப்பெட்டி வாங்கியிருக்கேலாது. கொண்டா, வைக்கிறன்" என்று கையெழுத்து வைத்தான். முதல் உரிமையைக் கேட்கவில்லை என்று ஒரு கடதாசி, பங்கு மாற்றத்துக்குச் சம்மதம் என்று நிர்வாக சபைக் குறிப்பு. அவனுடைய உழைப்புக்கும் ஒரு முறையான வேலை ஒப்பந்தம் எழுதினோம். அதுவும் அன்றைக்குத்தான் எழுதினோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்று இலட்சம் அத்தானுடைய கடன்தான் என்று எழுத ஆதாரம் வேண்டுமே. அத்தான் காசைக் கைமாற்றாக ஒருவரிடமும் கொடுத்து அனுப்பவில்லை, வங்கி வழியாகத்தான் அனுப்பியிருந்தார். அந்தப் பழைய வங்கித் துண்டில் அனுப்பியவர் பெயரும், 'கடைக்கு' என்ற ஒரு சொல்லும் இருந்தன. ஐந்து வருடத்தில் எங்களிடம் மிஞ்சிய ஒரே சாட்சி அது. அதை வைத்துத்தான் கடனை அக்காவின் பெயருக்கு எழுதி, தவணை தவணையாகக் கொடுத்து முடித்தோம்.

இளம் ஆட்களே, இனி நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை.

கம்பனி தொடங்கும் சாசனத்தில் யார் எத்தனை பங்கு எடுக்கிறார் என்று உண்மையை எழுதுங்கள். கையெழுத்து வைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புறன்னைசுண்ட் பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டும். பிந்தினால் அந்தச் சாசனத்தைக் கொண்டு பதிய முடியாது. ஆகவே வெளிநாட்டுப் பங்காளியின் கடதாசிகளை முதலே ஆயத்தம் செய்துவிட்டுக் கையெழுத்தை வையுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

பதிவகத்தில் பதிந்துவிட்டால் பங்கு யாருடையது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். பங்காளர் பதிவேட்டைக் கம்பனிதான் வைத்திருக்க வேண்டும். வருடாவருடம் தை மாதம் 31ஆம் திகதிக்குள் பங்காளர் விபரத்தை வரித் திணைக்களத்துக்கும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பங்காளிக்கு இலாபப் பங்கு கொடுத்தால் இங்கேயே வரி பிடிக்க வேண்டும். பொது வீதம் நூற்றுக்கு 25, வரி ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்குக் குறையலாம்.

பங்குக் காசு வேறு, கடன் காசு வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். பாதிக்குப் பாதி என்று இருவர் தொடங்கினால், முரண்பாடு வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதை முரண்பாடு வரமுதல் எழுதுங்கள். பங்காளி இறந்தால் என்ன என்பதையும் எழுதுங்கள். நல்ல நாளில் இதென்ன கதை என்று எண்ண வேண்டாம். நல்ல நாளில்தான் எழுத முடியும்.

கடைசியாக, 'பொறுப்பு மட்டுப்பட்டது' என்று நினைத்து நித்திரை கொள்ள வேண்டாம். வங்கிக்கோ கடைச் சொந்தக்காரருக்கோ தனிப்பட்ட பிணை வைத்தால் வீடு திரும்பவும் பணயத்துக்கு வந்துவிடும். வேலையாளின் சம்பளத்தில் பிடித்த வரி கம்பனியின் காசே அல்ல. அதில் கை வைத்தால் குற்றம். யாராவது "பேருக்கு மட்டும் நிர்வாக சபையில் இரு" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள். பேருக்கு இருப்பவருக்கும் சட்டத்தில் முழுப் பொறுப்பு.

2019ஆம் ஆண்டு புத்தாண்டுக்குக் கொஞ்சம் முதல், பங்காளர் பதிவேட்டின் பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன். அதில் அக்காவின் பெயரும் நூறு பங்கும் இருந்தன. வருடப்பிறப்பன்று தொலைபேசி அடித்தது. "துண்டு கிடைச்சுது தம்பி" என்றா. பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "கைவிசேஷம் வாங்கினியோ? இந்த வருசம் ஆரிட்ட வாங்கினனீ?" என்று கேட்டா. அத்தான் இருக்கும்வரை வருடா வருடம் எனக்குக் கைவிசேஷம் அனுப்புகிறவர் அவர்தான்.

இன்றைக்கு வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளின் கையில் காசு வைத்திருப்பீர்கள். கைவிசேஷத்துக்குத் துண்டு வேண்டாம், அது ஆசீர்வாதம். ஆனால் கைமுதலுக்குத் துண்டு வேண்டும். நம்பிக்கை இல்லாதபடியால் அல்ல, நம்பினவர் இல்லாமல் போனாலும் அவருடைய பிள்ளைகளுக்கு அது மிஞ்ச வேண்டும் என்பதற்காக.