மணியார்டர் கூப்பன்

(கூட்டமைப்பின் சுதந்திர தின விழாவில் பேசியது)



"வீட்டுப் பெரியவங்க நாட்டுக்கு என்ன செஞ்சாங்கன்னு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். புத்தகத்தில் என் பெயரையும் எழுதிவிட்டார்கள். அதனால் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவையும் ஆயாவையும் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15 என்றால் நமக்கு 1947தான் ஞாபகம் வரும். அதற்குச் சரியாக இரண்டு வருஷம் முன்னாடி, 1945 ஆகஸ்ட் 15 அன்றுதான் ஜப்பான் சரணடைந்தது. இரண்டாம் உலகப் போர் அதோடு முடிந்தது. 2025-இல் அதற்கு 80 ஆண்டு ஆனது. மவுண்ட்பேட்டன் நமக்குச் சுதந்திரம் கொடுக்க இந்தத் தேதியைப் பிடித்ததே அதனால்தான்.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் படையில் சேர்ந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, தாங்களாகப் பெயர் கொடுத்தவர்கள்தான். ஏறக்குறைய 87,000 பேர் உயிரை விட்டார்கள். நம்ம பக்கத்தில் நந்தம்பாக்கம் வழியாகப் பூந்தமல்லி போகிறவர்கள் ரோட்டோரம் வரிசையாக வெள்ளைக் கற்கள் நிற்கிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பூங்கா என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். அந்தப் போரில் செத்த 855 பேரின் கல்லறை அது.

எங்க தாத்தா 1941 கடைசியில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். நாட்டுப்பற்றா தாத்தா என்று கேட்டால், "ஏரியில தண்ணி இல்லம்மா, அதான்" என்பார். பெங்களூரில் பயிற்சி. அப்புறம் பர்மா எல்லை. ரோடு போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, இதுதான் சாப்பர் வேலை. ராணுவத்தில் அவர்களை இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜப்பான்காரனைவிட மலேரியாவுக்குத்தான் அதிகம் பயந்ததாகத் தாத்தா சொல்வார். பர்மா ஸ்டார் என்று ஆறு முனை உள்ள பதக்கம் ஒன்று கொடுத்தார்கள். எங்க மாமா வீட்டில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் நம்ம ஜனங்கள் இருந்தார்கள். நேதாஜியின் படையில் பெண்களுக்கென்றே ஜான்சி ராணி படை 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த டாக்டர். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே பிரசவம் பார்த்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்! அவருடைய படையில் சேர்ந்தவர்களில் ரொம்பப் பேர் மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர், நேதாஜி நன்கொடை கேட்ட கூட்டத்தில் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தவர். வயது 18 இருக்கும். பிற்பாடு அந்தப் படையிலேயே அடுத்த நிலைக்கு வந்தார். 1944-இல் பர்மா வரைக்கும் அவர்கள் போனார்கள். தாத்தாவோ இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் படையில். யார் பக்கம் சரி என்று இப்போது பட்டிமன்றம் வைக்க எனக்கு இஷ்டமில்லை. ரெண்டு பக்கமும் பசிதான் பாதிப்பேரை அனுப்பி வைத்தது.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா போகும்போது ஆயாவுக்கு 17 வயது. 1942 ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது மெட்ராஸ் என்று சொல்லி ஊரே காலியானது. மிருகக்காட்சி சாலை அப்போது சென்ட்ரல் பக்கம் இருந்தது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று அங்கிருந்த சிங்கம், புலியை எல்லாம் சுட்டுக் கொன்றார்கள். 1985-இல் நம்ம வண்டலூருக்கு வந்தது அந்த மிருகக்காட்சி சாலைதான்.

மெட்ராஸை விட்டு ஓடிய ஜனம் ஜி.எஸ்.டி. ரோட்டில் கட்டை வண்டியிலும் நடையிலும் இந்த ஊரைத் தாண்டித்தான் தெற்கே போனது. ஆயா அப்போது நிறைமாசம். "நாமளும் போயிடலாம்" என்றாளாம். "எங்கடி போறது? நம்ம ஊரே இதுதான்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அப்புறம் ரெண்டு பேருமாகக் கிணற்றில் தண்ணி சேந்தி, ரோட்டோரம் பானையில் வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாள், காலையிலிருந்து இருட்டும் வரைக்கும். கை கொப்பளித்துப் போனதை ஆயா எத்தனையோ தடவை காட்டுவது மாதிரி காட்டியிருக்கிறாள்.

ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. அடுத்த வருஷம் மெட்ராஸில் ரேஷன் வந்தது. எங்க வீட்டில் கேழ்வரகும் மரவள்ளியும்தான். தாத்தாவிடமிருந்து மாசம் பத்து ரூபாய் மணியார்டர் வரும். ஆயா கைநாட்டு வைத்து வாங்குவாள். மாமியாருக்கு அஞ்சு, மளிகைக் கடைக்கு மூணு, மிச்சம் ரெண்டு அடுக்குப் பானைக்குள். அந்த ரெண்டு ரூபாயைத்தான், மணியார்டர் தாமதமான மற்ற சிப்பாய் வீட்டுப் பெண்களுக்குக் கைமாத்தாகக் கொடுப்பாள். உள்கடன், வட்டி கிடையாது. நம்ம குழுவைவிட நல்ல குழு!

மணியார்டரோடு வருகிற கூப்பனில் ரெண்டு வரி எழுதியிருக்கும். தபால்காரர் படித்துச் சொல்வார். ஆயா அத்தனையையும் தகர டப்பாவில் போட்டு வைத்தாள். 1945-இல் போர் முடிந்தது அவளுக்கு அன்றைக்குத் தெரியவே தெரியாது. எட்டு மாசம் கழித்துத் தாத்தா படலைத் திறந்துகொண்டு வந்தபோது, நாலு வயசுப் பெரிய மாமா "யாரோ வந்திருக்காங்க" என்று அழுதுகொண்டே உள்ளே ஓடினாராம்.

போருக்கென்று சேர்ந்தவர்களைப் போர் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது. ரொம்ப வருஷம் கழித்துத்தான் அப்படிப்பட்ட படைவீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாநில அரசு மாத உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. தாத்தா போன பிறகு ஆயாவும் அம்மாவும் ஓர் அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நம்பர் இருந்தது, சேர்ந்த தேதி இருந்தது, குணம் மிக நன்று என்று இருந்தது. வாரிசு என்ற இடத்தில் தாத்தாவின் அப்பா பெயர். ஆயா பெயர் எங்கேயும் இல்லை. "நீங்க அவர் பெண்சாதின்னு யார் சொன்னது?" என்று ஒருத்தர் கேட்டார். 60 வயசு தாண்டியவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

ஆயா பதில் பேசவில்லை. மறுதடவை போகும்போது டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். கூப்பன்களில் தாத்தாவின் படை நம்பர் இருந்தது. எழுத்து தொடங்குகிற இடத்தில் ஆயா பெயர் இருந்தது. அதோடு வி.ஏ.ஓ. சான்றும் பிரமாணப் பத்திரமும் சேர்த்து, ரெண்டு வருஷம் அலைந்து, பணம் வந்தது. முதல் மாசப் பணத்தில் தனக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டாள். மிச்சத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "நானும்தான் இருந்தேன் சண்டையில" என்றாள். அம்மா சிரித்தாராம். ஆயா சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டில் ராணுவம், போலீஸ், ரயில்வே என்று எதில் வேலை பார்த்தவர் இருந்தாலும், அவருடைய சர்வீஸ் புத்தகத்தில், பாஸ் புத்தகத்தில், ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர் ஏறியிருக்கிறதா, ஆதாரில் உள்ள அதே எழுத்தில் இருக்கிறதா என்று இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். அவர் இருக்கும்போதே மாற்றுவது சுலபம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அசலைக் கொண்டு வாருங்கள். செல்போனில் படம் எடுத்து, நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்வோம். மனு எழுத நானும் எங்க குழுப் பிரதிநிதியும் மதியம் ரெண்டு மணியிலிருந்து உட்கார்ந்திருப்போம். பழைய கூப்பன், கடுதாசி ஏதாவது இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எடுத்து வாருங்கள்.