காசு எண்ணியவரும் விண்மீனும்

மாணவர்களே! ‘ஹாபி’ என்பதை நாம் பொழுதுபோக்கு என்கிறோம். அச்சொல் எனக்கு அத்துணை உவப்பானதன்று. பொழுது தானே போகும். அதைப் போக்க நாம் எதற்கு?

வங்காளத்தில் ஜெசூர் நகரக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் பணியில் இருந்தவர் ராதா கோவிந்த சந்திரர். பள்ளியிறுதியில் எழுதும் நுழைவுத் தேர்வில் மும்முறை தவறியவர். தேர்வில் தவறியவனை ஒன்றுக்கும் உதவாதவன் எனத் தீர்ப்பளிக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நான் அதற்கு உடன்பட்டவன் அல்லேன். சந்திரர் 1912-இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். பகலிற் காசு, இரவில் விண்மீன்.

சில விண்மீன்களின் ஒளி கூடியும் குறைந்தும் மாறும். அருகில் மாறாது ஒளிரும் மீன்களோடு அவற்றை ஒப்பிட்டு, ஒளியின் அளவை மதிப்பிட வேண்டும். ஓரிரவு பார்த்துப் பயனில்லை. நாளும் நேரமும் குறித்து ஆண்டுக்கணக்கிற் பார்த்தால்தான் மாற்றத்தின் ஒழுங்கு புலப்படும். தபால்தலை சேர்க்கும் நண்பர்களே, உங்கள் ஏட்டில் எத்தனை பக்கங்களில் நாட்டின் பெயரும் ஆண்டும் குறித்திருக்கின்றீர்கள்? குறிப்பில்லாத சேகரிப்பு வெறும் குவியல்.

சந்திரர் தம் குறிப்புகளை, மாறொளி விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பி வந்தார். வானூலார் ஆராய்ச்சிக்கு அவை பயன்பட்டன. அச்சங்கம் 1926-இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பியது. 1954 வரை அவர் குறித்தவை 37,000-க்கும் மேல். கூலி ஒரு காசும் இல்லை.

முதுமையில் அக்கருவியை அவர் திருப்பிக் கொடுத்தார். பிற்காலத்தில் அது நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்தை வந்தடைந்தது.